மலாக்காவுக்கு எதிரே நின்ற கப்பலில் தர்ஷனுக்கு முடி வெட்டியது பற்றி

அலோர் காஜா, மலாக்கா.
4.8.1996

அன்பு மகள் புனிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட என் பேரன் தர்ஷனுடைய முதல் முடியை, மலாக்கா கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பலில், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையால் வெட்ட விட்டாய். அதே நேரத்தில் உன் அண்ணன் காந்தன் கரையில், படகுத் துறையில் வேட்டி கட்டிக்கொண்டு பார்பரோடு நின்றுகொண்டிருந்தான். நடந்த தப்பு இதுதான். இதை மறதி என்றோ, சூழ்நிலை என்றோ, பிள்ளைகளோடு பயணம் என்றால் அப்படித்தான் என்றோ சொல்ல வேண்டாம். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பாதியில் வாங்கிக்கொண்டு அழுவாள், அங்கே நீயும் அழுவாய், விஷயம் அப்படியே நின்றுபோகும். எழுத்து அழாது, அதனால் எழுதுகிறேன்.

அந்த நேர்ச்சை நான் வைத்ததில்லை, நீ வைத்தது. தர்ஷன் மாதம் நிறையாமல் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நீதான் போன் பண்ணி, ‘அப்பா, முனியாண்டிகிட்ட சொல்லுங்கப்பா, என் பிள்ளைய எனக்கே குடுத்துட்டா அவன் முதல் முடிய அங்க வந்து இறக்குறேன்னு சொல்லுங்கப்பா’ என்றாய். எனக்கு அப்போது காய்ச்சல். காந்தன்தான் பேக்டரியிலிருந்து வந்த உடையை மாற்றாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, டுரியான் துங்காலுக்கு அப்பால் நாம் முன்பு இருந்த தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனான். மஞ்சள் துணியில் காசு முடிந்து சூலத்தில் கட்டிவிட்டு வந்து, ‘மூணாவது வயசுல, என் மடியில உக்கார வச்சு இறக்குறேன்னு சொல்லிட்டேம்ப்பா’ என்று என்னிடம் சொன்னான். நீ கேட்டது பிள்ளையை, அவன் ஒப்புக்கொடுத்தது மடியை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெட்டியிலிருந்து வெளியே வந்தான், பால் குடித்தான், இன்றைக்கு நீச்சல் குளத்தில் குதிக்கிறான். முனியாண்டி தன் பங்கைச் செய்தாகிவிட்டது. இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். காந்தனுக்கும் நளினிக்கும் பிள்ளை இல்லை. இரக்கப்படுவதற்காக இதை எழுதவில்லை, நளினிக்கு இரக்கம் பிடிக்காது. மூத்தவள் பவானிக்கு மொட்டை போட்டபோது காந்தன் கடல் தாண்டி சபா மாநிலத்தில் வேலையில் இருந்தான், லீவு கொடுக்கவில்லை, உன் பெரியப்பா மகன் உட்கார்ந்தான். அதை அவன் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. தாய்மாமனாக உட்கார அவனுக்கு மிச்சம் இருந்தது தர்ஷன் ஒருவன்தான்.

சித்திரையில் நீ போன் பண்ணி, ‘சிங்கப்பூர்லேருந்து கப்பல்ப்பா, மலாக்காவுல ஒரு நாள் முழுக்க நிக்குதாம், அன்னிக்கே கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்’ என்றாய். கோயில் காரியத்துக்கு வருகிறவள் கோயிலுக்காக வர வேண்டும், போகிற வழியில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அப்போதே சொன்னேன். உன் அம்மா, ‘வர்றேங்கிற பிள்ளைய ஏங்க தடுக்கறீங்க’ என்றாள். சரி என்று விட்டேன். நீ அனுப்பி வைத்த கப்பல் கம்பெனியின் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாசித்தேன். துறையில் நிற்கும் நாளில் இறங்க விருப்பமில்லாதவர்கள் கப்பலிலேயே தங்கலாம், பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஆட்கள் இருப்பார்கள் என்று அதில் போட்டிருந்தது. தங்கலாம் என்றுதான் போட்டிருந்தது. கரையில் பெற்றவர்கள் நிற்கும்போது தங்கலாமா என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை, அதை அவர்கள் நம்மிடமே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கப்பல் வந்த அன்று காலையில் வேன் எடுத்துக்கொண்டு மலாக்கா படகு ஜெட்டிக்கு வந்துவிட்டோம். காந்தன் ஒருவனிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, புது வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தான். நளினி சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தாள், காற்றில் துணி பறக்கிறது என்று. பாசார் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பார்பரும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். கோயிலில் பூசாரி தங்கராஜு பொங்கல் பானையை ஏற்றக் காத்துக்கொண்டிருந்தார். கரையோரம் ஆழம் போதாததால் உங்கள் கப்பல் வெகுதூரத்தில் நின்றது, சின்னப் படகுகளில்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்பர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘அதுலயா அண்ணே இருக்காங்க? அது கப்பல் மாதிரி இல்லையே, பிளாட்டு வீடு மாதிரில்ல நிக்குது’ என்றார். ஒவ்வொரு படகு வரும்போதும் உன் அம்மா எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். பல படகுகள் வந்தன.

மாப்பிள்ளை ஒரு படகில் வந்தார். கழுத்தில் கேமரா, சட்டையில் பஸ் நம்பர் போட்ட ஸ்டிக்கர், பக்கத்தில் யாரும் இல்லை. காந்தன், ‘மச்சான், மருமகன் எங்க?’ என்று கேட்டான். அவர், ‘அவங்க கப்பல்லயே இருக்காங்க மச்சான். பவானிக்கு ராத்திரி வாந்தி, படகு வேற ஆடுது, வெயில பாருங்க. இன்னொரு தடவ பாத்துக்கலாம்ன்னு புனிதா சொல்லிடுச்சு’ என்றார். காந்தன், ‘பவானிய அங்கேயே பாத்துக்க ஆள் இருக்குல்ல? நீங்க அடுத்த படகுல திரும்பிப் போயி அவனையாச்சும் தூக்கிட்டு வாங்க மச்சான். வேன் இருக்கு, நானே நேரத்தோட கொண்டாந்து விடுறேன்’ என்றான். அதற்குள் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் வந்த வழிகாட்டிப் பெண் கொடியை ஆட்டி எல்லோரையும் கூப்பிட்டாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, ‘சாரி மாமா, குரூப் போயிடும் லா’ என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். டச்சுக்காரன் கட்டிய சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கப் போனார். அந்தக் கட்டடம் முந்நூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் நிற்கிறது, நாளைக்கும் நிற்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை என்ற மரியாதைக்காகச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், நீ வாசித்துக் காட்டலாம்.

காந்தன் படகுக்காரர்களிடம் போய்ப் பேசினான். கப்பலில் தங்கை இருக்கிறாள், ஏறிப் பார்த்துவிட்டு அடுத்த படகில் வந்துவிடுகிறேன் என்று மலாயில் சொன்னான். ஜெட்டிக் காவலர், ‘தாக் போலே லா, பாங்’, முடியாது அண்ணே என்று கையை விரித்தார். கப்பல் அட்டை உள்ளவர்கள் மட்டும்தான் ஏறலாமாம். அவர் மேல் தப்பில்லை. எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, மாமா என்கிற மாதிரி பாக்சிக் என்று கூப்பிட்டு, உட்காருங்கள் என்றார். சாயங்காலம் மாப்பிள்ளையின் பஸ் திரும்பி வந்து, அவர் கடைசிப் படகில் ஏறிப் போகும்வரை அங்கேயே இருந்தோம். பார்பர் தன் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்போது காந்தனுக்குக் கோபம் இல்லை. ‘பிள்ளைக்கு வாந்தின்னா என்ன பண்ணும் பாவம்’ என்றுகூட நளினியிடம் சொன்னானாம். அதை நீ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பினாங்கிலிருந்து போன் பண்ணினாய். ‘எல்லாரும் இறங்கிட்டா கப்பலே காலிப்பா. நீச்சல் குளத்துல நம்ம பிள்ளைங்க மட்டும்தான், சாப்பாட்டுக்கு வரிசை இல்ல, பவானியும் தெளிஞ்சிடுச்சு. ரெண்டையும் இழுத்துக்கிட்டு படகுல இறங்கி, தோட்டம் வரைக்கும் போயி, கப்பல் கிளம்புறதுக்குள்ள திரும்பி வரணும்னா நடக்கிற காரியமாப்பா?’ என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு துறை நாளில் கப்பலிலேயே இருப்பது புத்தியுள்ள காரியம்தான். தெரியாத ஊராக இருந்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். அடுத்துப் போன தாய்லாந்து புக்கெட்டில் இறங்காமல் இருந்திருந்தால் உன்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் புக்கெட்டில் குடும்பத்தோடு இறங்கி யானை பார்த்ததாக உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அங்கேயும் கப்பல் கடலில்தான் நின்றிருக்கும், அங்கேயும் சின்னப் படகுதான், அங்கேயும் வெயில்தான். யானைக்குக் கிடைத்தது முனியாண்டிக்குக் கிடைக்கவில்லை.

முடியைப் பற்றி அந்தப் போனில் நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போன வாரம் படங்கள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். உன் அம்மா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, ‘யாருங்க இந்தப் பையன், பக்கத்து ரூமு பிள்ளையா?’ என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பிறகு படத்தைத் திருப்பி மேசை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் கடிதத்தை நான்தான் சத்தமாக வாசித்தேன். விளையாட்டு அறையில் தர்ஷனைப் பெண் பிள்ளைகள் வரிசையில் நிறுத்தி ரிப்பன் கட்டிவிட்டார்களாம், அவன் அழுதானாம், கப்பல் சலூனில் மற்ற நாளில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம், அன்றைக்கு ஆளே இல்லாததால் உடனே உட்கார வைத்து வெட்டிவிட்டார்களாம், இப்போது பார்க்க க்யூட்டாக இருக்கிறானாம். பிள்ளை அழுதான் என்பது எனக்குப் புரிகிறது. ரிப்பனை அவிழ்த்திருக்கலாம். வெட்டிய முடியை என்ன செய்தார்கள் என்று உன் அம்மா பிறகு போனில் கேட்டதற்கு, ‘பெருக்கிட்டாங்கம்மா’ என்றாய். அந்தப் படத்தில் அவனுக்குப் பின்னால் கம்பி, கம்பிக்குப் பின்னால் கடல், கடல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கரை தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மலாக்காதான். நாங்கள் அந்தக் கோட்டில் நின்றுகொண்டிருந்தோம்.

காந்தன் வழக்கம்போல சாயங்காலம் வந்தான். படத்தை மறைக்கச் சொல்லி உன் அம்மா கண்ணைக் காட்டினாள், நான் மறைக்கவில்லை. மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவன் எடுத்துப் பார்த்தான், கீழே வைத்தான், சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான், கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இரண்டு நாள் கழித்து பாசாரில் பார்பர் அவனிடம், ‘என்ன தம்பி, உன் மருமகனுக்கு எப்ப?’ என்று கேட்டிருக்கிறார். இவன், ‘கப்பல்லயே முடிஞ்சிருச்சு அண்ணே. இனிமே கேப்டன்தான் தாய்மாமன், சீரெல்லாம் அவருகிட்ட கேட்டுக்கச் சொல்லுங்க’ என்று சொல்லிச் சிரித்தானாம். பார்பர் என்னிடம் வந்து, ‘அவன் சிரிச்சது நல்லா இல்ல அண்ணே’ என்றார். சீர்த்தட்டில் இருந்த சட்டைத் துணியை நளினி தன் அக்காள் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். கொடுக்கச் சொன்னது அவன்தான்.

இதற்கு மேல் நீ ஒன்று எழுதியிருக்கிறாய், நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். முடி கொஞ்சம் வளர்ந்ததும் பெர்த்தில் உள்ள கோயிலிலேயே நவம்பரில் மொட்டை போட்டுவிடலாம், மாப்பிள்ளையின் தம்பி அங்கேயே இருப்பதால் அவர் மடியில் உட்கார வைக்கலாம், யாருக்கும் அலைச்சல் இல்லை என்று. அவர் நல்ல பிள்ளைதான், எனக்கு அவர் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சித்தப்பா. தாய்மாமன் உயிரோடு, பேர் சொல்லி நேர்ந்து, காத்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பா மடியைத் தேடினால், காந்தன் உனக்கு அண்ணன் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. முதலில் நடந்தது அவசரத்தில் நடந்தது. இதை நீ யோசித்துச் செய்கிறாய். அன்றைக்கு நீ இறங்கவில்லை, அது ஒரு நாளோடு போயிற்று. நவம்பரில் இதைச் செய்தாயானால் அவன் வீட்டு வாசல் உனக்கு அதோடு சரி. அவன் என் பிள்ளை, அவனை எனக்குத் தெரியும். சத்தம் போட மாட்டான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவான், ஆனால் வரமாட்டான்.

உன் பக்கத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் தங்கராஜுவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் இளகிய ஆள், வாரம் முழுக்க லாரி ஓட்டுவதால் எல்லோருக்கும் வழி விட்டுப் பழகிவிட்டார். ‘முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரு மாமா, பச்சப் பிள்ளை முடி தானே, வளரட்டும், வந்து இறக்கட்டும். மன்னிப்பு கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டா போதும்’ என்றார். பெர்த்தில் இறக்கினால் என்ன என்று கேட்டேன். விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, ‘சாமிக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான் மாமா. காந்தன் மடி இங்கதானே இருக்கு’ என்றார். அவர் சொன்னதில் இரண்டாவதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். முதலாவதில் எலுமிச்சம்பழம் போதாது என்பது என் கருத்து.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெர்த்தில் பேசி வைத்திருப்பதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ நிறுத்த வேண்டும், மாப்பிள்ளையின் தம்பிக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டியது மாப்பிள்ளை, அவர் புரிந்துகொள்வார், அவருக்கும் அக்காள் இருக்கிறாள். தர்ஷன் தலையில் இனிக் கத்தரி படக் கூடாது, அதையும் மாப்பிள்ளையே பார்த்துக்கொள்ள வேண்டும், நீ அவன் அழுதால் இளகிவிடுகிறாய். யாராவது அவனைப் பெண் பிள்ளை என்று சொன்னால் இது சாமிக்கு வளர்க்கிற முடி என்று சொல்ல வேண்டியது பவானி, அவளுக்கு வாய் இருக்கிறது. ஒற்றைப்படை வயதில்தான் இறக்க வேண்டும், மாசியில் அவனுக்கு நாலு வயது ஆகிவிடும், பிறகு ஐந்தாகும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் அங்கே டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் புறப்பட்டு வாருங்கள். விமானத்தில் வாருங்கள். வந்து இறங்கியதும் நம் வீட்டுக்கு வராமல், நேராகக் காந்தன் வீட்டுக்குப் போய், நீயும் மாப்பிள்ளையும் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அவனையும் நளினியையும் அழைக்க வேண்டும், அதற்கு முன் இந்த வீட்டில் உங்களுக்குத் தண்ணீர் கிடையாது, உன் அம்மா கொடுக்கப் பார்த்தாலும் நான் விட மாட்டேன். தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்று தங்கராஜுவிடம் நாள் சொல்லிவிட்டேன், பார்பரிடமும் சொல்லியாயிற்று. அன்றைக்குச் சாமிக்கு வாங்கிய சேவலை வேறு எதற்கும் அறுக்க முடியாது, தை வரைக்கும் அதற்குத் தீனி போட வேண்டியது உன் அம்மா. பக்கத்து வீட்டுக் காளியம்மா, ‘விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விட்டுடுதே, உங்க பேரன் எப்பதாங்க வருவான்’ என்று வேலிக்கு மேலே கேட்கிறாள், அவளைச் சமாளிக்க வேண்டியது நான்.

காந்தன் செய்ய வேண்டியதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. சொல்லிப் பார்த்தேன், ‘என்னைய விட்டுருங்கப்பா’ என்று எழுந்து போய்விட்டான். அப்பா சொல்லி உட்காருகிற இடம் அது இல்லை, தங்கை கேட்டு உட்கார வேண்டியது. அதனால் அவனைக் கேட்க வேண்டியதும் நீதான், அம்மா மூலமாக வேண்டாம், நளினி மூலமாக வேண்டாம், உன் வாயால்.

மாப்பிள்ளைக்கும் பவானிக்கும் தர்ஷனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, கோபம் இருக்கிறது என்பதற்காக அதை நான் நிறுத்தி வைக்க மாட்டேன். முனியாண்டி உங்களைக் காக்கட்டும்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை காந்தன் வீட்டில் இருப்பான். நீ போன் பண்ணினால் நளினிதான் எடுப்பாள், ‘அவரு வெளிய போயிருக்காரு புனிதா’ என்பாள். நம்பாதே, அவன் பக்கத்தில்தான் நிற்பான். போன தடவை நீ கூப்பிட்டபோது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான், நான் அங்கே இருந்தேன். அவன் வாங்கிப் பேசும்வரைக்கும் போனை நீ வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. மாயாண்டி